சுசீந்திரம் தெப்பக்குளம் பக்கத்து சாயாக்கடை

நாகர்கோவில் 2019ல மாநகராட்சி ஆனப்புறம் வாடகை ஏறிப்போச்சுன்னு சுசீந்திரம் பக்கம் வீடு பாக்க நிறைய பேர் வாறாங்க, அவங்களுக்கு நான் மொதல்ல சொல்றது தெப்பக்குளத்துப் பக்கம் இருக்க இந்த சாயாக்கடையத்தான். போர்டு ஒண்ணும் கிடையாது, பெஞ்சு ரெண்டு, கண்ணாடிப் பெட்டி ஒண்ணு அவ்ளோதான்.

ரசவடை கொள்ளாம். வடைக்குள்ள ரசம் நல்லா ஊறிருக்கும், ஆனா பிச்சா கூழா போகாது, அதுதான் பக்குவம், நல்லமிளகு காரம் தொண்டையில நிக்கும். பழம்பொரி, ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) நல்லா பழுத்த நாள்ல மட்டும் வாங்குங்க, மத்த நாள் சவம் மாவுதான் நிக்கும். சாயாவுல சீனி கூடுதல், கம்மியா வேணும்னா முன்னாடியே சொல்லிரணும்.

உக்காந்தா தாணுமாலயன் கோயிலோட ஏழு நிலை கோபுரம் முழுசா தெரியும். பெரியவங்க பேச்சு பூராவும் பழையாத்துத் தண்ணி, வயல் பிளாட்டா போறது, தேரூர் குளத்துக்குப் பறவை வந்தாச்சா இல்லையான்னுதான் (2022ல ராம்சார்ங்கற உலக ஈரநிலப் பட்டியல்ல சேத்த குளமாக்கும்). கன்னியாகுமரி பஸ்ஸு எல்லாம் இந்த வழிதான் போகும், அதனால டவுனுக்குப் போக கஷ்டமில்ல, ஆனா மார்கழி தேரோட்டத்தப்போ பைக்க வீட்லயே விட்டுட்டு நடந்து வாங்க, வடையும் சீக்கிரமே தீந்துரும்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஜிபே இல்ல, சில்லறை கொண்டு போங்க.