3,850 ராண்ட் போச்சு. பழைய கேம் ஓட்டித் தர்றேன்னு யார் சொன்னாலும் ஜாக்கிரதை

இப்பதான் கடையில இருந்து வந்தேன். அஞ்சாவது தடவை. கை இன்னும் படபடங்குது, எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. 3,850 ராண்ட். அது திரும்ப வராதுன்னு இன்னிக்கு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாங்க. தென்னாப்பிரிக்கா டர்பன்ல, முக்கியமா சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க படிக்கணும்னுதான் எழுதறேன். கடைப் பேர் போட மாட்டேன், வக்கீல் நோட்டீஸ் வாங்கற தெம்பு எனக்கு இல்ல. போன், லேப்டாப் ரிப்பேர் பண்ற சின்னக் கடை, அது போதும். என்னென்ன கவனிக்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

என்கிட்ட நாலு பழைய கேம் சிடி இருந்துச்சு. குவேக் ஒரு சிடி, ரெட் அலர்ட்டுக்கு ரெண்டு சிடி, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஒரு சிடி. 2000-ல சென்னை ரிச்சி தெருவுல வாங்கினது. ரிச்சி தெருன்னதும் திருட்டு சிடின்னு சிரிக்காதீங்க, டப்பாவோட ஒரிஜினல்தான். அந்த மாசம் பஸ் பாஸ் எடுக்காம ஆபீஸுக்கு நடந்தே போனேன். இங்க வந்து ஒன்பது வருஷமா கொலு பொம்மைப் பெட்டிக்கு அடியில கிடந்ததை ஜூலை லீவுல என் பையன் தோண்டி எடுத்துட்டான்.

புது லேப்டாப்ல சிடி போட இடமே இல்ல. ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட வெளியில மாட்டற டிரைவ் கடன் வாங்கினேன். ரெட் அலர்ட்டை இன்ஸ்டால் பண்ணப் போனா, இந்த ஆப் உங்க கம்ப்யூட்டர்ல ஓடாதுன்னு ஒரு கட்டம் வந்து நின்னுடுச்சு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஒரு வழியா திறந்துச்சு, ஆனா தண்ணி ஊதா, புல்லு சிவப்பு. "அப்பா, இது செவ்வாய் கிரகமா?"ன்னு பையன் கேக்கறான். அந்தச் சிரிப்போட விட்டிருக்கணும். விடல.

கடையில இருந்தது இருபத்தஞ்சு வயசுப் பையன். நெத்தியில விபூதி, பின்னாடி சுவத்துல மயிலிறகு சொருகின முருகன் படம். உள்ள போனதும் "வணக்கம் அண்ணா"ன்னான். இந்த ஊர்ல பொறந்து வளர்ந்த பசங்களுக்குப் பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தையோட தமிழ் முடிஞ்சிடும், ஆனா அதைக் கேட்டா நமக்கு உள்ள ஒரு இளக்கம் வரும் பாருங்க, அங்கதான் வினையே.

அவன் சொன்னதுல பாதி உண்மை. விண்டோஸ் 11 முழுக்க 64-பிட், பழைய 16-பிட் புரோகிராமை ஓட்டற பகுதியே அதுல கிடையாது, அதான் உங்க ரெட் அலர்ட் இன்ஸ்டாலர் நிக்குதுன்னான். சரிதான், அப்புறம் விசாரிச்சதுலயும் அதையேதான் சொன்னாங்க. அடுத்து தன் மானிட்டரைத் திருப்பிக் காமிச்சான். முழுத் திரையும் கருப்பு. டொக்கு டொக்குன்னு ஏதோ அடிச்சு என்டர் தட்டினான். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா! 1990-ல, கட்டளை அடிச்சு ஓட்டற டாஸ்ங்கற பழைய சிஸ்டத்துக்கு வந்த கேம், இவன் பொறக்கறதுக்கு எத்தனை வருஷம் முன்னாடி! "அண்ணா, கத்தி எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டான். எலும்புக்கூட்டுக்குப் பக்கத்துலன்னேன். "கரெக்ட்!"னு கையைத் தட்டினான். அவ்வளவுதாங்க. அந்த ஒரு கைதட்டுக்கு நான் 3,850 ராண்ட் குடுத்திருக்கேன்.

ஒண்ணு மட்டும் உறுத்துச்சு. அந்தக் கருப்புத் திரையில முதல் வரி, டிரைவைக் குறிக்கிற எழுத்து சி-ன்னு ஆரம்பிக்கல, இசட்-ன்னு ஆரம்பிச்சது. டாஸ் காலத்து ஆள் நான், எனக்குத் தெரியும் அது சி-யாதான் இருக்கும்னு. கேக்கலாம்னு வாயைத் திறந்தேன், அதுக்குள்ள ஆன்ட்டி ஒருத்தங்க சார்ஜர் கேட்டு வந்துட்டாங்க. விட்டுட்டேன். லேப்டாப்பையும் நாலு சிடியையும் குடுத்தேன். "ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சிடும்"னான். சீட்டுல 'லேப்டாப் ஒன்று'ன்னு மட்டும் எழுதினான். சிடியையும் எழுதுப்பான்னு ஏன் சொல்லத் தோணல? முருகன் பாத்துக்கிட்டிருந்தாரே!

ஆறு நாள் கழிச்சுக் கூப்பிட்டான். பில்லைப் பாருங்க: 'ரெட்ரோ இன்ஜின்' லைசன்ஸ் 1,650. 'பழைய கிராஃபிக்ஸ் மாட்யூல்' 1,200. வேலைக் கூலி 1,000. மொத்தம் 3,850 ராண்ட். ரெண்டாயிரம்னியே தம்பின்னு கேட்டேன், லைசன்ஸ் டாலர்ல வாங்கறது அண்ணான்னான். பின்னாடி வரிசை நிக்குது, என் பையன் கையைப் பிடிச்சு இழுக்கறான். நின்ன இடத்துலயே பேங்க் ஆப்ல பணத்தை அனுப்பிட்டேன். சிடியெல்லாம் எங்கன்னேன். சுத்தம் பண்ண வெச்சிருக்கு, "ஜஸ்ட் நௌ" தர்றேன்னான். இந்த ஊர் ஜஸ்ட் நௌ-வைப் பத்தித் தெரியாதவங்களுக்கு: அஞ்சு நிமிஷமும் ஆகலாம், அடுத்த பொங்கலும் ஆகலாம்.

வீட்டுக்கு வந்து ரெட்ரோ இன்ஜினைத் திறந்தோம். கடையில முழுத் திரையில காமிச்சான், இங்க சின்ன ஜன்னலா திறந்துச்சு. மேல தலைப்புல இருந்ததைப் பையன் எழுத்துக் கூட்டிப் படிச்சான்: டாஸ்பாக்ஸ் 0.74-3. அப்படின்னா என்னப்பான்னான். எனக்கும் தெரியல. ஜோபர்க்ல இருக்கிற ஒன்னுவிட்ட மச்சினனுக்கு போன் போட்டேன். அவன் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. "மாமா, அது 2002-லேர்ந்து சும்மா கிடைக்குது. ஓசி. யார் வேணா இறக்கிக்கலாம். அது ஆரம்பிக்கிறதே இசட்-லதான்."

சும்மா கிடைக்கிறதுக்கு 1,650.

மச்சினன் இருபது நிமிஷம் பேசினான், நான் குறிச்சுக்கிட்டேன். டாஸ்பாக்ஸ் ஒரு பழைய கம்ப்யூட்டர் மாதிரி, சவுண்ட் பிளாஸ்டர்ங்கற அந்தக் கால ஒலி கார்டு உட்பட, நடிக்கிற மென்பொருள். கேம் ரொம்ப வேகமா ஓடினா கன்ட்ரோலோட எஃப்11, மெதுவா ஓடினா எஃப்12, அவ்வளவுதான் வித்தை. குவேக்கோட மூல நிரலை 1999-லயே வெளியில விட்டாச்சு, அதை வெச்சுப் புது விண்டோஸ்ல ஓடறதுக்குப் பல பேர் இலவசமா செஞ்சு வெச்சிருக்காங்க, ஆனா கேம் கோப்புகள் நம்ம சிடியிலேர்ந்து வேணும். ரெட் அலர்ட்டை அதோட கம்பெனியே 2008-ல இலவசமா குடுத்துடுச்சாம்! ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்ல செவ்வாய் கிரகம் தெரிஞ்சதுக்குக் காரணம், அந்தக் கேம் 256 நிறத்தை மட்டும் வெச்சு வரையுது, புது விண்டோஸ் நடுவுல புகுந்து அந்த நிறப் பட்டியலைக் கலைச்சிடுது. அதுக்கும் இலவசமா தீர்வு இருக்கு. 1,200 ராண்ட் 'மாட்யூல்' போட்டும் எங்க வீட்டுல புல்லு சிவப்பாதான் இருந்துச்சு.

குவேக் ஓடுச்சு. ஆனா பாட்டு இல்ல. அதுல இசை, ஆடியோ சிடி மாதிரி தனித் தடங்களா இருக்கும். அந்தப் புண்ணியவான் கேம் பகுதியை மட்டும் காப்பி எடுத்துட்டு மிச்சத்தை விட்டுட்டான். அந்தத் தடங்க இருக்கிற சிடிதான் இப்ப என்கிட்ட இல்ல.

இதைவிட வயித்தெரிச்சல், மச்சினன் சொல்லித்தான் பாத்தேன், லேப்டாப்போட வைரஸ் தடுப்புல கேம்ஸ் போல்டரை மட்டும் 'பாக்காதே'ன்னு விலக்கி வெச்சிருந்தான். உள்ள எங்கிருந்தோ இறக்கின திருட்டு கேம் முப்பதுக்கு மேல. பிரவுசரைத் திறந்தாலே சூதாட்ட விளம்பரம். பதினோரு வயசுப் பையன் உக்கார்ற கம்ப்யூட்டர்ங்க அது. அதே லேப்டாப்லதான் நான் பேங்க்கும் பாக்கறேன்.

அதுக்கப்புறம் அஞ்சு தடவை நடந்தேன். முதல் தடவை, டெக்னீஷியன் மாரிட்ஸ்பர்க் போயிருக்கார். (அப்ப நீ யாருப்பா?) ரெண்டாவது தடவை லோட் ஷெடிங், அதாவது கரண்ட் கட், கடை பூட்டு. மூணாவது தடவை போன் பண்ணிட்டே போனேன், ஆடிக் கூழ் ஊத்தற வேலை அண்ணா, கோயில்ல இருக்கேன்னான். கோயிலைச் சொன்னா நான் வாயை மூடிக்குவேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. மூடிக்கிட்டேன். நாலாவது தடவை, சிடியை அன்னிக்கே குடுத்தாச்சேன்னான். இன்னிக்கு அவனே இல்ல. அவங்க அம்மா போல இருக்கு, கவுன்ட்டர்ல ஒரு ஆன்ட்டி. சீட்டை வாங்கிப் பாத்தாங்க. "இதுல சிடின்னு எதுவும் எழுதலையே, பா." லைசன்ஸ் பணம் திரும்ப வராதுன்னாங்க. எந்த லைசன்ஸ், எங்க அதோட பேப்பர்னு கேட்டேன். அடுத்த ஆளைப் பாத்து "யெஸ்?"னாங்க. வாட்ஸ்அப்ல நான் அனுப்பின பன்னெண்டு மெசேஜ்லயும் நீல டிக் இருக்கு, பதில் இல்ல.

சரி, கவனிக்க வேண்டியது. கடையில குடுக்கற ஒவ்வொரு சாமானையும், சிடி உட்பட, சீட்டுல எழுத வைங்க, போட்டோ எடுங்க. எந்த மென்பொருளுக்கு லைசன்ஸ்னு பேர் கேளுங்க, அங்கயே நின்னு தேடிப் பாருங்க. முழுத் திரையில காமிச்சா, ஜன்னலா காமின்னு சொல்லுங்க, மேல தலைப்புல அதோட உண்மையான பேர் தெரியும். இங்க 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. ரிப்பேருக்கு முன்னாடியே மதிப்பீடு தரணும், நம்மளைக் கேக்காம அதுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு 15-ஆவது பிரிவு. நம்ம பொருள் அவங்ககிட்ட இருக்கும்போது அவங்கதான் பொறுப்புன்னு 65. இதைக் கோயில்ல ஒரு பெரியவர் சொல்லித்தான் நேத்து தெரிஞ்சுக்கிட்டேன். இன்னும் நிறைய எழுதலாம்னு இருந்தேன், முடியல.

மச்சினன் போன்ல சொல்லச் சொல்ல, பையன் லேப்டாப்பை முழுசா அழிச்சு விண்டோஸ் திரும்பப் போட்டுக்கிட்டிருக்கான். 43 சதவீதத்துல நிக்குது. என் எல்லாப் பாஸ்வேர்டையும் போன்ல இருந்து மாத்திட்டேன். நாளைக்குக் காலையில லீவு போட்டுட்டு, 3,850 ராண்ட் பில்லை எடுத்துக்கிட்டு நுகர்வோர் ஆபீஸுக்குப் போறேன். அந்த நாலு சிடியை எங்கயாவது யாராவது விக்கறதைப் பாத்தீங்கன்னா சொல்லுங்க. குவேக் டப்பாவோட உள்பக்கம் நீல மையில 'பஸ் பாஸ்'னு எழுதியிருக்கும்.