கட்டுநாயக்க ஏயார்போட்டில் இருந்து மலையகத்துக்கு வேன் பேசுபவர்கள் கவனம்

தோஹாவில் வீட்டு வேலை செய்கிறேன். நாலு வருஷம் கழித்துப் போன மாதம்தான் லீவில் ஹட்டன் பக்கம் பொகவந்தலாவைக்கு, வீட்டுக்கு வந்தேன். வந்த இரவு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் தோட்டங்களில் இருந்து போன பெண்கள் நிறையப் பேர் என்னைப் போலத் தனியாகத்தான் ராத்திரியில் வந்து இறங்குகிறார்கள்.

வழக்கமாக வீட்டு ஆட்கள் எல்லாரும் ஒரு வேனில் ஏயார்போட்டுக்கு வந்து கூட்டிப் போவார்கள். போக வர ஹயர், வழியில் எல்லாருக்கும் சாப்பாடு, தம்பிக்கு அன்றைய பேரும் (தோட்டத்து நாள் சம்பளம்) போய்விடும். அதனால் யாரும் வர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பேஸ்புக்கில் விளம்பரம் பார்த்து ஒருவரிடம் வாட்ஸ்அப்பில் பேசினேன். வீடு வரைக்கும் 25,000 ரூபா, அதில் 5,000 முற்பணம். "நானும் தோட்டத்துப் பிள்ளதான் அக்கா, பயப்படாம வாங்க" என்றார். அந்த வார்த்தையில்தான் நான் விழுந்தேன்.

வெளியே வந்தால் நின்றது வேறு ஆள், வேறு வேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த வேன் நம்பரும் அதில் இல்லை. கேட்டதற்கு "அண்ணன்ட வேன் கராஜ்ல நிக்குது" என்றான். சிம் எடுத்துவிட்டு வருகிறேன் என்றேன், "இங்க விலை கூட அக்கா, ஹட்டன்ல எடுங்க, என் போன்ல பேசலாம்" என்று பெட்டிகளைத் தூக்கி ஏற்றிவிட்டான். அத்தோடு என் கையில் வேலை செய்யும் போனே இல்லாமல் போனது. நீங்கள் இதை மட்டும் விடாதீர்கள், வெளியே வருவதற்கு முன்னால் உள்ளேயே சிம் போட்டு வீட்டுக்கு ஒரு கோல் எடுத்துவிடுங்கள்.

கொஞ்ச தூரம் போனதும் அவனுக்கு ஒரு கோல் வந்தது. பேசி முடித்துவிட்டு, வழக்கமாகப் போகும் அவிசாவளைப் பாதையில் கித்துல்கலையில் மண் சரிந்து மூடியாம், அந்தப் பக்கம் போக முடியாது, கண்டிப் பாதையால் கம்பளை, நாவலப்பிட்டி சுற்றித்தான் போக வேண்டும் என்றான். வெளியே மழை வேறு. மண்சரிவு என்றால் எங்கள் ஆட்கள் மறுபேச்சுப் பேச மாட்டோம். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயத்தோடு (தோட்டத்து வரிசை வீடுகள்) சனம் மண்ணுக்குள் போனதை மறந்தவர் யார்? நானும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். அந்தப் பயத்தை வைத்து ஒருவன் காசு பார்ப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை, இன்றைக்கும் அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இரண்டு பாதையும் சேரும் கினிகத்தேனைச் சந்திக்கு வரும்போது கீழே கித்துல்கலைப் பக்கம் இருந்து கொழும்பு பஸ் ஒன்று ஏறி வந்தது. பாதை மூடி என்றாயே தம்பி என்றேன். "இப்பதான் திறந்திருப்பாங்க" என்றான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கில் அம்மாவும் தம்பியும் டோர்ச்சோடு நின்றார்கள். அம்மாவைக் கட்டிப் பிடிக்கக்கூட விடவில்லை, பின்கதவைத் திறக்காமலே கணக்குச் சொன்னான். 110 கிலோமீற்றர் கூட ஓடியதாம், கிலோமீற்றருக்கு 200 என்று இன்னும் 22,000. தம்பி சண்டைக்குப் போனான். அம்மா அழத் தொடங்கிவிட்டார், அதற்காகவே கொடுத்தேன். கையில் அவ்வளவு ரூபா இல்லை, ரியால் கேட்டான். 80 ரூபாவுக்கு மேல் போகும் ரியாலை 65 என்று போட்டு, சில்லறை இல்லை என்று 350 ரியாலை வாங்கிக்கொண்டு போனான்.

காலையில் மரக்கறி லொறி ஓட்டும் பக்கத்து லயத்து மாமா வந்தார். கொழும்புப் பக்கம் பேலியகொடைச் சந்தையில் சாமான் இறக்கிவிட்டு அதே ராத்திரி கித்துல்கலைப் பாதையாலேயே வந்தாராம், ஒரு கல்கூட விழவில்லை என்றார். தம்பி போனில் மெப் போட்டுப் பார்த்தான். கண்டிப் பக்கம் சுற்றினாலும் 40 கிலோமீற்றருக்கு மேல் கூடவில்லை.

வேன் நம்பரை நான் படம் எடுக்கவில்லை. பொலிஸில் முதலில் கேட்டதே அதுதான். வாட்ஸ்அப் நம்பர் அன்றைக்கே வேலை செய்யவில்லை. நீங்கள் ஏறும் முன்னால் நம்பர் தகட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள், பேசிய நம்பர் இல்லை என்றால் ஏறவே வேண்டாம். பாதை மூடி என்று சொன்னால் 117க்கு எடுத்துக் கேளுங்கள், அது அனர்த்த முகாமைத்துவ நிலையம், இல்லாவிட்டால் ஹட்டனில் தெரிந்த ஓட்டோக்காரர் யாரையாவது எழுப்பிக் கேளுங்கள், திட்ட மாட்டார்கள். பகலில் இறங்கினால் 187 பஸ்ஸில் கொழும்பு கோட்டைக்குப் போய் அங்கிருந்து ஹட்டன் பஸ்ஸோ, ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுப் பதுளை ரயிலோ எடுக்கலாம், பெட்டி கூட இருந்தால் கஷ்டம்தான்.

இதே மண்சரிவுக் கதையைக் கேட்டு வேறு யாராவது காசு கொடுத்திருந்தால், திகதியையும் வேன் நம்பரையும் எனக்கு அனுப்புங்கள். 18ஆம் திகதி வரைக்கும் ஊரில்தான் இருப்பேன், அதற்குள் சேர்ந்து போய் முறைப்பாடு போடலாம்.