கடிகாரமா, திடீர்ப் பார்வையா?

உற்பத்தித்திறனை ஆராய்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, வேலையை எப்படிக் கவனிப்பது என்பதைத்தான்.

நேர ஆய்வை 1880களில் அமெரிக்காவின் மிட்வேல் எஃகு ஆலையில் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் தொடங்கினார். வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்து, கடிகாரத்தால் அளந்து, தொழிலாளியின் வேகத்துக்கேற்பத் திருத்தி, ஓய்வு நேரத்தையும் சேர்த்தால் நியம நேரம், அதாவது அந்த வேலைக்கு ஆக வேண்டிய நேரம், கிடைக்கும். ஒரே செயல் திரும்பத் திரும்ப வரும் தொழிற்சாலைக்கு இதுவே சிறந்தது.

கட்டுமானத் தளத்துக்கு நான் பரிந்துரைப்பது, 1930களில் பிரிட்டிஷ் பருத்தித் தொழிலில் புள்ளியியலாளர் டிப்பெட் அறிமுகப்படுத்திய மாதிரிப் பார்வை முறை. முன்கூட்டியே குலுக்கலில் தேர்ந்த நேரங்களில் சுற்றிவந்து, ஒவ்வொருவரும் அந்தக் கணத்தில் வேலை செய்கிறாரா, பொருளுக்காகக் காத்திருக்கிறாரா, நடக்கிறாரா என்று மட்டும் குறிக்க வேண்டும். 95 விழுக்காடு நம்பகத்தன்மையுடன், உண்மை அளவிலிருந்து 5 விழுக்காட்டுப் புள்ளிக்கு மேல் கூடவோ குறையவோ செய்யாத (±5) விடை பெற, சுமார் 385 பார்வைகள் போதும். ஒருவரே முழுக் குழுவையும் கவனிக்கலாம். எவர் தலைமேலும் கடிகாரம் நிற்காது. செங்கல் வராமல் கொத்தனார் காத்திருந்தால், அது அவருடைய சோம்பல் அல்ல, திட்டமிட்டவரின் தவறு. அதை இம்முறை அப்பட்டமாகக் காட்டுகிறது. ஆனால், செய்யும் முறை சரியா என்பதை இது சொல்லாது. அதற்கு வேலையைக் கூறுகூறாகப் பிரித்து ஆராய வேண்டும்.

வேளாண்மையில் பருவத்துக்கேற்ப வேலை மாறுவதால், இவ்விரண்டில் எதைத் தேர்ந்தாலும், விதைப்பு முதல் அறுவடை வரை அளவீடுகளைப் பரப்பியாக வேண்டும்.