கைவேலையா, வார்ப்பா?

கொழும்பு செட்டியார் தெருவில் தாலிக்கொடி செய்விக்கச் செல்வோர் முன் இரு வழிகள் உள்ளன. மெழுகு மாதிரிகளைச் சுற்றிச் சாந்து ஊற்றி, மெழுகைச் சூளையில் உருக்கி அகற்றி, அந்த வெற்றிடங்களில் பொன்னை வார்த்தால் ஒரே வடிவிலான பல உருப்படிகள் ஒருசேரக் கிடைக்கும்; கூலியும் குறைவு.

கைவேலையிலோ பத்தர் எனப்படும் பொற்கொல்லர் பொற்கம்பியைக் கம்பியச்சின் துளைகளில் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து மெலிதாக்கி, அது இறுகும்போதெல்லாம் நெருப்பில் காட்டி இளக்கி, வளையம் வளையமாகக் கோத்து, ஒவ்வொரு பொருத்திலும் பற்றவைக்கும் பொடி வைத்து, நெருப்பை ஊதி இணைக்கிறார். 22 கரட் என்றால் இரண்டிலும் தங்கம் ஏறத்தாழ 91.6 சதவீதமே. ஆயினும் வார்த்த பொன்னில் நுண்துளைகள் தங்கக்கூடும். இழுத்த கம்பி செறிவும் உறுதியும் உடையது. பதக்கத்துக்கு வார்ப்பு போதும். நாள்தோறும் கழுத்தில் உரசும் கொடிக்கு, வாரக்கணக்கில் காத்திருந்தேனும், கைவேலையையே நான் தெரிவுசெய்வேன்.