கடைசித் தவணை மார்ச் 5. பத்திரம் கைக்கு வந்தது ஏப்ரல் 29

கோத்தகிரியை அடுத்த அரவேணுவில் உள்ள எங்கள் வீட்டைப் புதுப்பிப்பதற்காக, குன்னூரில் இருக்கும் ஒரு தனியார் வங்கிக் கிளையில் 2015-ஆம் ஆண்டு 8 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன் வாங்கினோம். கடன் கொடுத்த விதத்தில் எனக்குக் குறையே இல்லை. பச்சைத் தேயிலை வருமானத்தை நம்பி வாழ்பவர்களின் கையில் எல்லா மாதமும் ஒரே அளவு பணம் இருக்காது என்பதைப் புரிந்துகொண்டு, தவணைத் தேதியை 5-ஆம் தேதிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். நான் எழுத வந்தது கடனை முடித்த கதையைப் பற்றி.

120-ஆவது தவணை 2025 மார்ச் 5 அன்று கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது. கணக்கு தானாகவே முடிந்துவிடும், பத்திரம் வந்ததும் அழைப்போம் என்று கிளையில் சொன்னார்கள். அழைப்பு வராததால் மார்ச் 20 அன்று நேரில் போனேன். கணினியில் 118 ரூபாய் பாக்கி நின்றது. தவணை எடுக்கும் கணக்கை 2019-இல் நான் மாற்றியபோது விதித்த 100 ரூபாய்க் கட்டணமும் அதற்கான 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்த தொகையாம் அது. ஆறு ஆண்டுகளாக ஒருவரும் கேட்காத அந்தத் தொகையை அங்கேயே கட்டி ரசீது வாங்கினேன்.

அந்த 118 ரூபாயின் மதிப்பு பிறகுதான் விளங்கியது. கடன் முழுவதும் அடைந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்கள் அனைத்தையும் வங்கி திருப்பித் தர வேண்டும், தன் தவறால் தாமதித்தால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று சுற்றறிக்கை வெளியிட்டது. 2023 டிசம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பத்திரம் என் கைக்கு வந்தது ஏப்ரல் 29 அன்று. மார்ச் 5-ஐக் கடன் முடிந்த நாளாகக் கொண்டால் தாமதம் 25 நாள், இழப்பீடு 1,25,000 ரூபாய். மார்ச் 20-ஐக் கொண்டால் 10 நாள், 50,000 ரூபாய். வங்கி எந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை. தாமதமானால் அதற்கான காரணத்தை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. எனக்கு ஒரு வரி கடிதம்கூட வரவில்லை. கேட்ட போதெல்லாம், ஆவணங்கள் கோயம்புத்தூர்க் காப்பகத்தில் இருக்கின்றன, கேட்டு எழுதியிருக்கிறோம் என்ற ஒரே பதில்தான். கிளை ஊழியர்கள் மரியாதையானவர்கள், உட்கார வைத்துத்தான் பேசினார்கள். ஆனால் கடைசித் தவணையோடு தங்கள் வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணம் அங்கே எல்லாரிடமும் இருந்தது. கடன் கொடுத்ததற்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன், முடித்துத் தந்ததற்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

பத்திரம் வாங்கும்போது ஆவணப் பட்டியலை வைத்துக்கொண்டு, தாய்ப்பத்திரம் முதல் கட்டட வரைபட அனுமதி வரை பக்கம் பக்கமாக எண்ணிச் சரிபார்த்தேன். பதினொன்றும் இருந்தன. ஆனால் 1987-ஆம் ஆண்டு கிரயப் பத்திரத்தைக் கோப்பில் கோர்ப்பதற்காக இடது ஓரத்தில் யாரோ துளையிட்டிருக்கிறார்கள். இரண்டு துளைகளில் ஒன்று என் தந்தையாரின் கையொப்பத்தின் முதல் எழுத்தைத் தின்றுவிட்டது. ஒப்புகைத் தாளில் அதைக் குறிப்பிட்ட பிறகே கையெழுத்திட்டேன்.

பத்திரம் வந்தால் மட்டும் போதாது. பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியதற்குச் சாட்சியாக, அப்போது வங்கிக்குச் சாதகமாகப் பதிவு செய்த எம்.ஓ.டி. ஆவணம் வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கும். அதை நேர்செய்ய, கடன் அடைந்துவிட்டது என்று வங்கி எழுதித் தரும் ரசீது ஆவணம் பதிவாக வேண்டும். அதற்குக் கோத்தகிரி சார் பதிவாளர் அலுவலகத்துக்கு வர வேண்டிய வங்கி அதிகாரி, வெளியூர் வாகனங்கள் நீலகிரிக்குள் வரத் தேவையான இ-பாஸ் கிடைக்கவில்லை என்று ஒரு முறை வராமல் இருந்துவிட்டார். ஏப்ரல் 1-ஆம் தேதியிலிருந்து, வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கட்டுப்பாடு இருந்தது உண்மைதான். ஆனால் மேட்டுப்பாளையத்தில் அரசுப் பேருந்து ஏறி வருபவரிடம் யாரும் இ-பாஸ் கேட்பதில்லை. ஒருவழியாக மே 14 அன்று பதிவு முடிந்தது.

ஏப்ரல் 7 அன்று நான் கொடுத்திருந்த எழுத்துப்பூர்வமான புகாருக்குப் பிறகு 50,000 ரூபாயை வங்கி என் கணக்கில் வரவு வைத்தது. மீதி 75,000 ரூபாய்க்காக ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் இணையவழியில் புகார் அளித்திருக்கிறேன். அந்தப் புகாருக்குக் கட்டணம் இல்லை; முதலில் வங்கியிடம் எழுதிக் கொடுத்து, 30 நாட்களுக்குள் பதில் வராமலோ வந்த பதில் திருப்தி தராமலோ இருந்தால் அனுப்பலாம். வாய்மொழியாகக் கேட்ட நாட்கள் கணக்கில் வராது என்பதால், என்னைப் போல் மூன்று முறை வெறுமனே குன்னூருக்குப் போய் வராமல், கடைசித் தவணை கட்டிய அன்றே பாக்கி எதுவும் இல்லை என்ற கணக்கு விவரத்தையும், ஆவணங்களைக் கேட்டு எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு முத்திரையிட்ட ஒப்புகையையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஜூன் முதல் வாரம், என் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். கடன் இன்னும் நடப்பில் இருப்பதாகவும் பாக்கி 118 ரூபாய் என்றும் காட்டுகிறது. அந்தத் தொகையைக் கட்டிய ரசீதின் நகலோடு நாளை மறுபடியும் குன்னூருக்குப் பேருந்து ஏற வேண்டும்.