பூட்டா, உளவா, டீன் கணக்கா: உயர்நிலைப் பள்ளிப் பிள்ளையின் போனுக்கு எது?

பிள்ளையின் போனைப் பாதுகாக்க வழி தேடும் பெற்றோர் முன் நான்கு வழிகள் வந்து நிற்கும்: வீட்டு வைஃபையில் வடிகட்டி, பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி, உளவுச் செயலி, பதின்ம வயதினருக்கென்று சமூக ஊடகங்களே தரும் டீன் கணக்கு. நான்கையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர், "நானும் உன் வயசுதான்" என்று ராத்திரியில் மெசேஜ் அனுப்பினால் இது என்ன செய்யும்? ஆபாசத் தளம் கண்ணில் படுவதைவிட, இந்த வயதில் ஆழமாகக் காயப்படுத்துவது இப்படித் தொடங்கும் பேச்சுதான்.

வைஃபை வடிகட்டியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தளத்தின் பெயரை வைத்து அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் தருவது டிஎன்எஸ்; இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃபிளேர் 2020-இல் கொண்டுவந்த 1.1.1.3 என்ற டிஎன்எஸ் முகவரியை வைஃபை ரவுட்டரில் போட்டால் தீம்பொருள் தளங்களும் ஆபாசத் தளங்களும் தடுக்கப்படும். இலவசம், பத்து நிமிட வேலை. ஆனால் மொபைல் டேட்டாவுக்கு மாறினாலோ, வடிகட்டியைச் சுற்றிப் போக வழி தரும் விபிஎன் செயலியைப் போட்டாலோ கதை முடிந்தது. மேலே சொன்ன மெசேஜைப் பற்றி இதற்கு எதுவும் தெரியாது. தம்பி தங்கைகள் இருக்கும் வீட்டில் போட்டு வையுங்கள்; மூத்த பிள்ளைக்கு இதுவே போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

அடுத்தது பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி: ஆண்ட்ராய்டுக்கு கூகுளின் ஃபேமிலி லிங்க், ஐபோனுக்கு அதிலேயே இருக்கும் ஸ்கிரீன் டைம். புதுச் செயலி இறக்க அனுமதி கேட்க வைப்பது, நேர வரம்பு, ராத்திரிப் பூட்டு: இவற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மெசேஜில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இரண்டும் காட்டாது. இதைக் குறை என்பார்கள், எனக்கு இது நிறை. ஆப்பிள் பக்கம் ஒரு படி கூடுதல் உண்டு: பிள்ளைக்கு வரும் படத்திலோ அது அனுப்பப்போகும் படத்திலோ நிர்வாணம் இருந்தால், போனே கண்டுபிடித்து மங்கலாக்கி, எச்சரித்து, உதவி கேட்க வழி காட்டும். சோதனை முழுவதும் போனுக்குள்ளேயே நடக்கிறது, படம் ஆப்பிளுக்குப் போவதில்லை. நம் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் வசதி என்றால் இதைத்தான் சொல்வேன். ஆனால் எல்லாச் செயலிகளிலும் இது வேலை செய்யாது.

உளவுச் செயலி எல்லாவற்றையும் காட்டும் என்கிறது. சாட், படம், இருப்பிடம், சிலவற்றில் தட்டிய எழுத்துகூட. அந்த மெசேஜும் கண்ணில் படலாம். ஆனாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். முதல் காரணம், அத்தனை தகவலும் யாரோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் போய்க் குவிகிறது. இந்த வகையில் பெயர்பெற்ற எம்ஸ்பையிலிருந்து 2015-லும் 2018-லும் தகவல்கள் வெளியே கசிந்தன. பிள்ளையைக் காப்பாற்ற வாங்கியதே பிள்ளையின் அந்தரங்கத்தைக் கடைவிரித்தால் என்ன செய்வது? இரண்டாவது, உளவு பார்ப்பது தெரிந்த நாளே பிள்ளை நண்பனின் பழைய போனுக்கோ இரண்டாவது கணக்குக்கோ போய்விடும். அதற்கப்புறம் மிரட்டல் வந்தால் சொல்வதற்கும் வராது.

டீன் கணக்கு இதற்கு நேரெதிர். இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் அறிவித்த ஏற்பாட்டில், கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும். பிள்ளை பின்தொடராத, தொடர்பில் இல்லாத ஆட்கள் மெசேஜ் அனுப்ப முடியாது. இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் ஊமையாகும். 16 வயதுக்குக் கீழ் இருந்தால் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் சம்மதம் வேண்டும். கதவை அடைக்கிறது, உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. ஓட்டை எங்கே என்றால் பிறந்த தேதியில். பொய் வயது கொடுத்துத் திறந்த கணக்குக்கு இந்தக் காவல் தானாக வந்து சேரும் என்று நம்ப முடியாது. ஆகவே முதலில் பிள்ளையோடு உட்கார்ந்து, கணக்கில் என்ன வயது போட்டிருக்கிறது என்று பாருங்கள். விளையாட்டுச் செயலிகளில் இருக்கும் சாட் வசதியையும் அப்படியே பாருங்கள். பெற்றோர் மறந்துவிடும் இடம் அது.

என் தேர்வு இதுதான்: 13, 14 வயதுக்குக் கட்டுப்பாட்டுச் செயலியும் டீன் கணக்கும் சேர்த்து. 15 தாண்டினால் நேர வரம்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, டீன் கணக்கை மட்டும் விடாமல் வைக்கலாம். உளவுச் செயலி எந்த வயதிலும் வேண்டாம்.

எதைப் போட்டாலும் சரி, பிள்ளையிடம் முன்கூட்டியே ஒரு வாக்குக் கொடுத்துவிடுங்கள்: "எது நடந்தாலும் வந்து சொல்லு, போனைப் பிடுங்க மாட்டேன்." படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்கக் கூடாது, சாட் பதிவுகளை அழிக்கக் கூடாது, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அந்தக் கணக்கைப் புகார் செய்து பிளாக் செய்து, காவல்துறையிடம் போக வேண்டும். 18 வயதுக்கு முன் எடுத்த அந்தரங்கப் படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை. நம் கருவியிலேயே அதற்கொரு டிஜிட்டல் கைரேகை உருவாகி, அது மட்டும் போகும். சேவையில் இணைந்த தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும்.