உப்புக்காற்றில் பதினோரு ஆண்டு: என் காரின் பின்விளக்குகள்

2014இல் வாங்கிய கார். இதுவரை 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இந்தக் காலத்தில் கிளட்ச் ஒரு முறையும் பேட்டரி மூன்று முறையும் மாற்றினேன். டெயில் லைட் பல்பு எத்தனை மாற்றினேன் என்று பழைய பில்களை எடுத்து எண்ணிப் பார்த்தேன்: பதினேழு. அவற்றில் உண்மையிலேயே இழை அறுந்துபோனவை ஐந்துகூட இருக்காது. மற்றவை என் அறியாமைக்கு நான் கட்டிய வரி.

வீடு குளச்சலில், அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில். வேலை நாகர்கோவிலில். மணவாளக்குறிச்சி, அம்மாண்டிவிளை, வெள்ளிச்சந்தை வழியாகத் தினமும் போய் வருகிறேன். கார் நிற்பது முற்றத்தில் ஒரு தகரக் கூரையின் கீழ். ஜன்னல் கம்பியையும் கதவுக் கீலையும் தின்று தீர்க்கும் காற்று, காரின் பின்பக்கத்தை மட்டும் விட்டுவைக்குமா? போதாக்குறைக்கு எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழை. பெரியவர்கள் இடவப்பாதி என்று சொல்லும் ஜூன் மழை ஓய்ந்து விளக்குக் கூடு காய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடுகிறது.

முதலில் பல்பைப் பற்றி. என் காரில் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது ஒரே பல்பு, உள்ளே இரண்டு இழைகள். 5 வாட் இழை இரவில் எரிவதற்கு, 21 வாட் இழை பிரேக் மிதிக்கும்போது எரிவதற்கு. பல்பின் அடிப்பகுதியில் இரண்டு சிறு முளைகள் உண்டு. ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. பல்பைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நானோ முதல் முறை மாற்றியபோது முரட்டுத்தனமாக அழுத்தித் திருகி மாட்டிவிட்டேன். விளைவு, இரண்டு இழைகளும் வேலை மாறிக்கொண்டன. இரவு முழுவதும் பிரேக் மிதித்துக்கொண்டே போகிறவனைப்போல ஒரு பக்கம் பளீரென்று எரிந்தது. பிரேக் மிதித்தபோது அந்தப் பக்கத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ.

இண்டிகேட்டருக்குத் தனி பல்பு, அதுவும் 21 வாட்தான். வெள்ளைக் கண்ணாடிக்குள் இருப்பதால் பல்புக்கே மஞ்சள் பூச்சு பூசியிருப்பார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பூச்சு உரிந்து வெள்ளையாகச் சிமிட்ட ஆரம்பிக்கும். அப்போது இழை நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். ஒரு பக்க இண்டிகேட்டர் திடீரென்று அவசர அவசரமாகத் துடித்தால், அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு எரியவில்லை என்று பொருள். பின்விளக்கு விஷயத்தில் ஓட்டுபவருக்குக் கார் தானாகச் சொல்லும் ஒரே செய்தி இதுதான். பிரேக் லைட் போனால் என் காரில் எந்த எச்சரிக்கையும் வராது. ஒரு முறை வில்லுக்குறி அருகே மழையில் ஒரு பஸ் ஓட்டுநர் என்னை முந்திச் சென்று, கையை வெளியே நீட்டிப் பின்பக்கத்தைச் சுட்டிக் காட்டியபோதுதான் தெரிந்துகொண்டேன்.

இனி என்னை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அலைக்கழித்த கோளாறு. 2019இல் இடதுபக்க பிரேக் லைட் மங்கியது. பல்பு மாற்றினேன், எரிந்தது. ஒரு மாதத்தில் மறுபடியும் மங்கியது. மறுபடியும் பல்பு. பிறகு வேடிக்கை தொடங்கியது. பகலில் எந்த விளக்கும் போடாமல் பிரேக்கை மிதித்தால் டாஷ்போர்டு விளக்குகள் லேசாக ஒளிர்ந்தன. இரவில் இடதுபக்க இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கத்து டெயில் லைட்டும் சேர்ந்து சிமிட்டியது. ஒரு ஒர்க்ஷாப்பில் வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னொன்றில் பிரேக் பெடலின் மேலே இருக்கும் சுவிட்சை மாற்றிப் பணம் வாங்கினார்கள். சுவிட்ச் கெட்டிருந்தால் இரண்டு பக்கமும் அல்லவா அணைந்திருக்கும்? அந்தக் கேள்வி எனக்கு அன்று தோன்றவில்லை.

கடைசியில் வடசேரிப் பக்கத்தில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன். நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள், "பல்பை விடு மக்களே, எர்த்தைப் பார்" என்றார். ஒரு முழ வயரை எடுத்து, ஒரு நுனியை ஹோல்டரின் எர்த் தகட்டிலும் மறு நுனியை டிக்கியின் உட்புறம் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வைத்து, என்னைப் பிரேக் மிதிக்கச் சொன்னார். விளக்கு புதிது போல எரிந்தது. வயரை எடுத்தார், மங்கியது. மீண்டும் வைத்தார், எரிந்தது. இரண்டு ஆண்டுக் குழப்பம் அரை நிமிடத்தில் தீர்ந்தது.

விஷயம் எளிது. பல்புக்குப் போகும் மின்சாரம் காரின் உடல் வழியாக பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் வழிதான் எர்த். ஒரு பக்கத்து விளக்குகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எர்த் வயர், அது டிக்கிக்குள் ஒரு போல்ட்டில் முடிகிறது. அந்த போல்ட்டில் துரு ஏறியிருந்தது, ஹோல்டர் தகட்டில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. தக்கலையில் நெடுஞ்சாலை அடைபட்டால் பஸ்கள் ஊர்ச் சந்துகளுக்குள் புகுவதுபோல, பிரேக் இழைக்கு வந்த மின்சாரம் அதே பல்பின் 5 வாட் இழை வழியாகப் பின்னோக்கிப் போய், டெயில் லைட் வயருக்குள் நுழைந்து, டாஷ்போர்டு விளக்குகளின் எர்த் வழியாகத் தப்பித்திருக்கிறது. டாஷ்போர்டு ஒளிர்ந்த மர்மம் அதுதான். புதுப் பல்பு மாட்டியதும் சில நாள் எரிந்ததற்கும் காரணம் இருக்கிறது. பல்பைத் திருகும்போது களிம்பு கொஞ்சம் உராய்ந்து உதிரும், அவ்வளவுதான்.

அவர் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். உப்புக்காற்று கெடுத்ததை உப்புத்தாள் சரிசெய்ததை நினைத்து நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. ஹோல்டரைக் காட்டினார். மோசமான தொடர்பினால் சூடேறிப் பிளாஸ்டிக் பழுப்பேறி, தகட்டின் விறைப்பும் போயிருந்தது. ஹோல்டரை மட்டும் மாற்றினோம். அதற்குப் பிறகு இடதுபக்கத்தில் மாட்டிய பல்பு இன்றுவரை எரிகிறது.

இதற்கு ஒரு சாட்சியும் காருக்குள்ளேயே இருக்கிறது. பின்கண்ணாடியின் உட்புறம் மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டுக்கும் இதே வயதுதான். அது ஒரு நாளும் தொல்லை தந்ததில்லை. மழையும் கடற்காற்றும் அதைத் தொடுவதில்லை.

தண்ணீர் விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் ஆவி படிவதைப் பார்த்துப் பதறி, விளக்குக் கூட்டைச் சுற்றி சிலிக்கான் பூசினேன். பின்னால் இருந்த சிறு காற்றுத்துளையையும் அடைத்துவிட்டேன். அந்தத் துளை வேண்டுமென்றே வைத்தது. பல்பின் சூட்டில் உள்ளே விரியும் காற்று வெளியேறவும், ஈரம் காயவும் அதுதான் வழி. அடைத்த பிறகு ஆவி துளிகளானது, துளிகள் அடியில் குளமானது. லேசான ஆவி படிந்து, விளக்கு எரிந்த சிறிது நேரத்தில் மறைந்தால் கவலை வேண்டாம். தண்ணீர் தேங்கினால்தான் கண்ணாடியில் விரிசலோ, பின்பக்க ரப்பர் வளையத்தில் தேய்மானமோ இருக்கிறது என்று தேட வேண்டும்.

மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்கூட்டர் இடித்து வலதுபக்கக் கூடு உடைந்தபோது, பாதி விலைக்குக் கிடைத்த மாற்றுக் கூட்டை வாங்கினேன். சிவப்பு கொஞ்சம் வெளிறிய சிவப்பு. ரப்பர் வளையம் காகிதம் போல மெலிது. முதல் மழையிலேயே ஒழுகியது. இந்த ஒன்றில் கஞ்சத்தனம் கூடாது என்பது என் கருத்து. எல்.இ.டி. பல்பும் மாட்டிப் பார்த்தேன். கடைக்காரர் கொடுத்த வெள்ளை எல்.இ.டி. சிவப்புக் கண்ணாடிக்குள் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்.இ.டி.தான் பொருந்தும் என்று பிறகு அறிந்தேன். இண்டிகேட்டரில் மாட்டியதோ, மின்சாரம் குறைவாக எடுப்பதால், பல்பு போய்விட்டதாகக் கார் நினைத்துக்கொள்ள, வேகமாகத் துடித்தது. நான்கு மாதத்தில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பழைய பல்புக்கே திரும்பினேன்.

இப்போது ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன், மே கடைசியில் ஒன்று, செப்டம்பர் கடைசியில் ஒன்று. விளக்கை அணைத்து, பல்பு ஆறிய பிறகு ஹோல்டரைத் திருகி எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, களிம்பு தெரிந்தால் மட்டும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பல்பின் உலோகப் பகுதியில் வாசலின் மிக மெல்லிதாகப் பூசுகிறேன். தேங்காய் எண்ணெய் போடச் சொன்ன பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் பேச்சைக் கேட்டதும் உண்டு. தூசியைத் திரட்டிப் பிசின் ஆக்கியதுதான் மிச்சம். கண்ணாடியைச் சோப்பு நீரால் மட்டுமே கழுவுகிறேன். தின்னர் பட்டால் அந்தப் பிளாஸ்டிக்கில் சிலந்தி வலை போல நுண்ணிய விரிசல்கள் விழும்.

தனியாகச் சோதிக்க, இரவில் சுவரை ஒட்டிப் பின்பக்கத்தை நிறுத்தி பிரேக் மிதித்தால் போதும். சுவரில் விழும் இரண்டு சிவப்பு வட்டங்களைப் பின்பார்வைக் கண்ணாடியில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்கின்றன. போன செப்டம்பரில், அந்தி மயங்கிய நேரத்தில், என் மகனை கடற்கரைச் சாலையில் இருநூறு காலடி எடுத்து வைத்து நடந்துபோய் நின்று பார்க்கச் சொன்னேன். "இரண்டும் தெரிகிறது அப்பா, வலதுபக்கம் கொஞ்சம் தூக்கம்" என்று கத்தினான். அந்தப் பாதி விலைக் கூடுதான். சரியான கூட்டுக்கு நாகர்கோவிலில் சொல்லி வைத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை.